சர்வருக்குள் செயலியின் பெயர்

கேள்வி: ஒரே வார் ஃபைலை (ஜாவா வலைச் செயலி முழுவதையும் கட்டிவைத்த ஃபைல்), அதை ஓட்டும் சர்வரான டாம்கேட்டில் 'சேல்ஸ்', 'டெஸ்ட்' என்று இரண்டு பெயரில் போட்டிருக்கிறேன். ஒவ்வொன்றும் தன் பெயரில் லாக் ஃபைல் (நடப்பதைக் குறித்துவைக்கும் பதிவு) எழுத வேண்டும். கெட்சர்வ்லெட்கான்டெக்ஸ்ட்நேம் போட்டுப் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே பெயர்தான் வருகிறது. ஜாவா கோடுக்குள்ளிருந்து சரியான பெயரை எப்படி எடுப்பது?

பதில்: அப்படித்தான் வரும். அது தருவது செயலியின் அமைப்பு ஃபைலான வெப்.எக்ஸ்எம்எல்-இல் நீங்கள் எழுதிவைத்த டிஸ்பிளே-நேம். வார் ஃபைலுக்குள்ளேயே இருப்பதால் எத்தனை இடத்தில் போட்டாலும் மாறாது. எழுதாமல் விட்டிருந்தால் 'நல்' (null, அதாவது மதிப்பே இல்லை) வரும்.

உங்களுக்கு வேண்டியது டாம்கேட் வைத்திருக்கும் பெயர். அதை, செயலியைப் பற்றிய விவரங்களைத் தரும் சர்வ்லெட்கான்டெக்ஸ்டிடம் கெட்கான்டெக்ஸ்ட்பாத் என்று கேட்டால் '/சேல்ஸ்' என்று கிடைக்கும். ஜாவா வலைச் செயலிகளுக்கான விதிமுறையான சர்வ்லெட்டின் 2.5 பதிப்புக்கு முன்பு இந்த வசதி கிடையாது. பயனரிடமிருந்து வரும் ரிக்வெஸ்டிடம்தான் கேட்க முடியும், அதற்கு முதல் ஆள் வந்து பக்கத்தைத் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். இப்போது சர்வ்லெட்கான்டெக்ஸ்ட்லிஸனர் ஒன்றை எழுதி, செயலி தொடங்கும்போது அழைக்கப்படும் கான்டெக்ஸ்ட்இனிஷியலைஸ்டு நடக்கும்போதே கேட்டுவிடலாம். லாக் திறக்க அதுவே சரியான நேரம்.

கெட்ரியல்பாத் (செயலி வட்டில் இருக்கும் இடம்) வாங்கி, கடைசி ஃபோல்டரின் பெயரை வெட்டியெடுக்கும் வழியை யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். நானே அதைச் செய்தவன். என் கணினியில் மாதக்கணக்கில் ஓடியது. வாடிக்கையாளரின் சர்வரில் வார் ஃபைலைப் பிரிக்காமலே ஓடும்படி வைத்திருந்தார்கள். ஃபோல்டரே இல்லாத இடத்தில் கெட்ரியல்பாத் 'நல்' கொடுத்தது, செயலி எழவே இல்லை. காரணத்தைக் கண்டுபிடிக்க இரவு முழுவதும் போயிற்று. வார் பிரிந்திருக்கும் என்று நம்பி எழுதிய ஒரே ஒரு வரி!

கெட்கான்டெக்ஸ்ட்பாத் தரும் பாதையை அப்படியே லாக் ஃபைலின் பெயராக்கிவிடாதீர்கள். முன்னால் இருக்கும் சாய்கோட்டை நீக்குங்கள். ரூட்.வார் என்று போட்டால் வருவது வெற்றுச் சரம் (ஓர் எழுத்தும் இல்லாதது). அதற்கு 'ரூட்' என்று நீங்களே ஒரு பெயர் கொடுங்கள். 'சேல்ஸ்#தெற்கு.வார்' என்று வைத்தால் பாதை '/சேல்ஸ்/தெற்கு' ஆகிவிடும். நடுவில் இருக்கும் சாய்கோட்டை அடிக்கோடாக மாற்றாவிட்டால் லாக் வேறொரு ஃபோல்டரைத் தேடிப் போகும்.

'சேல்ஸ்##2.வார்' என்று இரட்டை # போட்டுப் புதிய பதிப்பைப் பழையதோடு சேர்த்து ஓட்டுகிறவர் என்றால், இரண்டு பதிப்புக்கும் பாதை '/சேல்ஸ்' மட்டுமே. அப்போது பதிப்பு எண்ணை வார் ஃபைலுக்குள் ஒரு ப்ராப்பர்டீஸ் ஃபைலில் (அமைப்பு மதிப்புகளை எழுதிவைக்கும் ஃபைல்) வைத்து, லாக் பெயரோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.