கறுப்பு முட்டை

அன்புள்ள அக்கா,

இந்த ஈஸ்டருக்கு ஐந்து வயது மகளையும் மூன்று வயது மகனையும் வைத்துக்கொண்டு வீட்டிலேயே அலங்காரம் செய்து பார்க்கிறேன். முட்டைக்கு இயற்கைச் சாயம் போட்டோம். மஞ்சள் நன்றாக வந்தது. நீலம் மட்டும் வெளிறிப்போய்த் திட்டுத்திட்டாக வந்தது. ஏன்? முயலுக்கும் உயிர்ப்புக்கும் என்ன சம்பந்தம் என்று என் மாமியார் கேட்கிறார். ஜிகினாத் தூள் கொடுக்கலாமா? பிள்ளைகள் தூங்கிய பிறகு அவர்கள் ஒட்டியதைக் கொஞ்சம் சரிசெய்து வைக்கிறேன், விருந்தாளிகள் வருவார்கள் இல்லையா. காலையில் அழகாக இருப்பதைப் பார்த்து அவர்களுக்கும் சந்தோஷம்தான்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

நீலத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். உங்கள் கடைசி வரிகளைப் படித்ததும் நீலம் மறந்துவிட்டது. பிள்ளைகள் செய்தது என்று காட்டப்படும் பொருட்களில் பெரியவர்களின் விரல் தெரிவதைப் பற்றிச் சில நாட்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். சரியாக அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

முயலை விடுங்கள். பிள்ளைக்குப் பிடித்தால் இருந்துவிட்டுப் போகட்டும். மூன்று வயதுப் பையன் இருக்கும் வீட்டில் ஜிகினாத் தூள் வேண்டாம், கண்ணில் போகும். சின்ன மணிகளும் வேண்டாம், வாயில் போடுவான். முட்டைக்கு மட்டும் நல்ல காரணம் உண்டு என்று மாமியாரிடம் சொல்லுங்கள். ஈஸ்டருக்கு முன் வரும் தவக்காலத்தில் முட்டையையும் விலக்கிவைத்த காலம் இருந்தது. கோழிக்குத் தவக்காலம் தெரியுமா? அது இட்டுக்கொண்டே இருக்கும். சேர்ந்துபோன முட்டைகள் பண்டிகைக்கு வந்து சேர்ந்தன. கிரேக்க ஆர்த்தடாக்ஸ் வீடுகளில் ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று கிறிஸ்துவின் இரத்தத்தை நினைத்து முட்டைக்குச் சிவப்புச் சாயம் போடுகிறார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஆறேழு வயது இருக்கும். ஞாயிறு பள்ளியில் ஆளுக்கொரு வேகவைத்த முட்டை கொடுத்து வண்ணம் தீட்டச் சொன்னார்கள். நான் முழுக்கக் கறுப்பு அடித்து, ஒரு முனையை மட்டும் வெள்ளையாக விட்டேன். யோவான் நற்செய்தியில் மகதலா மரியாள் இயேசுவின் கல்லறைக்கு வரும்போது இன்னும் இருட்டு விலகியிருக்காது. அந்தக் கதையைத்தான் அப்போது சொல்லிக்கொடுத்திருந்தார்கள். என் மனதில் நின்றது அந்த இருட்டு. வெள்ளை முனை, கல்லறை வாசலை மூடியிருந்த கல் புரண்டிருந்த இடம். டீச்சர் வந்தார். "பண்டிகை நாளில் கறுப்பா?" என்று சிரித்துக்கொண்டே தூரிகையை வாங்கினார். மேலே கெட்டியாக மஞ்சள் பூசினார், ஒரு பூவும் போட்டார். என்ன வரைந்தாய் என்று கேட்கவில்லை. என் பெயர் எழுதிய சீட்டோடு அதைப் பார்வைக்கு வைத்தார்கள். எல்லோரும் பாராட்டினார்கள், என் அம்மா உட்பட. எனக்கு அதைத் தொடவே பிடிக்கவில்லை. அந்த டீச்சர் எங்கள்மேல் அவ்வளவு பிரியமானவர். அந்தப் பிரியத்தோடுதான் பூசினார். நீங்களும் பிரியத்தோடுதான் சரிசெய்கிறீர்கள், தெரியும். ஆனாலும் செய்யாதீர்கள்.

அவர்களுக்கும் சந்தோஷம்தான் என்கிறீர்கள். தான் ஒட்டிய முயல் காது எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று உங்கள் மகளுக்குத் தெரியும். காலையில் அது நிமிர்ந்திருப்பதும் தெரியும். வாய் திறந்து சொல்லவில்லை, அவ்வளவுதான். தன் கையால் செய்தது விருந்தாளி பார்க்கும் அளவுக்கு இல்லை என்று புரிந்துகொண்டிருப்பாள். கொஞ்ச நாளில் "நீயே செஞ்சு கொடும்மா" என்று காகிதத்தை உங்களிடம் நீட்டுவாள். அப்போது பிள்ளைக்கு ஆர்வமில்லை என்று எனக்கு எழுதாதீர்கள். விருந்தாளியாம்! மூன்று வயதுக் குழந்தை ஒட்டியது கோணல் என்று முகம் சுளிக்கிறவருக்காகவா பெற்ற பிள்ளையின் வேலையைப் பிய்த்து ஒட்டுவீர்கள்? எல்லாவற்றையும் உங்கள் மகன் ஒரே மூலையில், கீழே ஒட்டியிருக்கிறானா? அங்கேதான் அவனுக்கு எட்டும். அப்படியே இருக்கட்டும்.

உக்ரைனின் பிசாங்கா முட்டைகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். மெழுகால் கோடு இழுத்து, சாயத்தில் முக்கி, மறுபடி மெழுகிட்டு, நிறம் நிறமாக ஏற்றும் கலை அது. 2024-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் சேர்ந்தது. பழகிய கைகள் செய்வதை இந்தக் கைகளிடம் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் சூத்திரத்தை எடுத்துக்கொள்ளலாம்: வெள்ளைக் கிரேயானைக் கொடுத்து முட்டையில் கிறுக்கச் சொல்லுங்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. தன் கிறுக்கல் வெள்ளையாகத் தெரிவதைப் பையன் பார்ப்பான். முட்டையை வேகவைத்து ஆறவைப்பது, சாயம் காய்ச்சுவது, பழைய துணி விரிப்பது, இதோடு உங்கள் வேலை முடிந்தது. அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள்.

சரி, நீலம். ஊதா முட்டைக்கோஸைக் கொதிக்கவைத்து வடிகட்டி, ஆறிய சாற்றில் வினிகர் சேர்க்க வேண்டும். மஞ்சள் மாதிரி இது சீக்கிரம் பிடிக்காது. வெள்ளை ஓட்டு முட்டை ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் ஊறட்டும். திட்டுத்திட்டாக வருவது பெரும்பாலும் கையின் எண்ணெய்ப் பசையால். வினிகரில் நனைத்த துணியால் முதலிலேயே துடைத்துவிடுங்கள். வினிகர் அதிகமானால் அமிலம் ஓட்டின் சுண்ணாம்பையே அரிக்கும், அளவாக ஊற்றுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே அலங்காரமாக இருந்த முட்டையைச் சாப்பிடக் கொடுக்க வேண்டாம். காலையில் பாத்திரத்திலிருந்து முட்டையைப் பிள்ளைகளே எடுக்கட்டும். நீங்கள் முன்னாலேயே எழுந்து மூடியைத் திறந்து பார்க்கக் கூடாது.