சாட்சி சொல்ல அக்காவுக்குச் சம்மன் வந்திருக்கிறது. நீதிமன்றத்தில் அவருக்குத் துணையாக யாராவது இருப்பார்களா?

இருப்பார்கள். ஆனால் தேடி வர மாட்டார்கள், நாம்தான் போய்க் கேட்க வேண்டும். எங்களுக்கு இது மூன்றாவது வாய்தாவில்தான் தெரிந்தது.

2016இல் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அம்மாவின் கழுத்திலிருந்து நாலு பவுன் சங்கிலியை பைக்கில் வந்த இருவர் அறுத்துக்கொண்டு போனார்கள். ஆட்கள் பிடிபட்டார்கள், சங்கிலியும் இரண்டு துண்டாகக் கிடைத்தது. சாட்சி சொல்லக் கூப்பிட்டதோ 2019 பிப்ரவரியில். முதல் நாள் நீதிபதி விடுப்பு. அடுத்த வாய்தாவில் வக்கீல்கள் புறக்கணிப்பு. இரண்டு நாளும் வராந்தா பெஞ்சில் அம்மாவுக்கு நாலடி தள்ளி, ஜாமீனில் வந்திருந்த அந்தப் பையன்களில் ஒருவன், பக்கத்தில் அவன் அம்மா. அந்த அம்மாள் "எந்த ஊரும்மா நீங்க?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். எங்கள் அம்மா முந்தானையை இழுத்துக் கழுத்தைச் சுற்றி மூடிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும், "அந்தச் சங்கிலியே வேணாம்டா, இனிமே என்னைக் கூப்பிடாதே" என்றார்.

மூன்றாவது முறை, ஜெராக்ஸ் கடைக்காரர் சொல்லித்தான் அதே வளாகத்தில் இருந்த மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போனேன். 1987ஆம் வருடச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு (ஃபோன் என்றால் 15100). அங்கிருந்த சட்டத் தன்னார்வலர் ஒருவர், அம்மா வயதுதான் இருக்கும், அம்மாவை உள்ளே உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். கூண்டு எது, யார் முதலில் கேள்வி கேட்பார் என்று காட்டினார். "தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுங்க, நீங்களா எதையும் சேர்க்காதீங்க" என்றார். சாட்சிக்குப் படிப்பணம் (வந்துபோகும் செலவுக்கான பணம்) கேட்கலாம் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும்.

குறுக்கு விசாரணையில், "ஊக்கை வைத்து உங்கள் சங்கிலி என்கிறீர்கள், ஊரில் எல்லாப் பெண்களும் சங்கிலியில் ஊக்கு மாட்டுவார்களே?" என்றார் எதிரி வக்கீல். "மாட்டுவாங்க. என்னுது குத்தாம இருக்கப் பச்சை நூல் சுத்தினது" என்றார் அம்மா. முதல் வாய்தாவில் கூப்பிட்டிருந்தால் இந்தப் பதில் வந்திருக்காது.

எனக்கு ஆறாத விஷயம் ஒன்று. சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தைச் சட்டமாகவே பின்பற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பர் 5 அன்றே சொல்லிவிட்டது. சாட்சியும் எதிரியும் நேருக்கு நேர் பார்க்காமல் ஏற்பாடு செய்வது, சாட்சி சொல்லும்போது துணைக்கு ஒருவரை அனுமதிப்பது எல்லாம் அதில் இருக்கிறது. நாங்கள் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தது அதற்கு இரண்டு மாதம் கழித்து. சங்கிலிப் பறிப்புக்கெல்லாமா என்று வக்கீல் நண்பர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அச்சுறுத்தல் இருக்க வேண்டும், மனுப் போட வேண்டும், போலீஸ் அறிக்கை வேண்டும் என்பதெல்லாம் தெரியும். வழிப்பறிக்குப் பத்து வருடம் வரை தண்டனை உண்டு, அது திட்டத்துக்குள் வருகிற குற்றம்தான். மனுப் போட்டு மறுத்திருந்தால்கூடச் சரி என்றிருப்பேன். இப்படி ஒன்று இருப்பதையே யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. போலீஸைக் குறை சொல்வதாக நினைக்காதீர்கள், சங்கிலியைக் கண்டுபிடித்ததே அவர்கள்தான்.

உங்கள் அக்காவுடையது (பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான) வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கு என்றால் 15ஏ பிரிவில் பயணச் செலவும் பராமரிப்புச் செலவும் உரிமையாகவே கேட்கலாம். எந்தக் குற்ற வழக்கானாலும், பாதிக்கப்பட்டவரே அக்காதான் என்றால், நீதிமன்ற அனுமதியோடு சொந்தமாக ஒரு வக்கீலை அரசு வக்கீலுக்கு உதவியாக வைத்துக்கொள்ள முடியும். வாய்தாவுக்கு முதல் நாளே ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போய்விடுங்கள், வாய்தா அன்று காலையில் அங்கே கூட்டம் தாங்காது.

அப்புறம் அந்தச் சங்கிலி. பத்திரம் எழுதிக் கொடுத்து வாங்கி வந்தும், வழக்கு முடியும்வரை ஒட்டக் கூடாது என்பதால் பீரோவில் இரண்டு துண்டாகவே கிடந்தது. தீர்ப்பு வந்தபின் பற்ற வைக்கக் கொண்டுபோனால், நகைக்கடைக்காரர் பழைய தங்கம், மாற்றிக்கொள்ளுங்கள் என்று சேதாரம், செய்கூலி எல்லாம் போட்டு ஒரு கணக்குச் சொன்னார். அதைப் பற்றி யாராவது தனியாகக் கேள்வி கேளுங்கள், விவரமாக எழுதுகிறேன்.