இரண்டாவது பொட்டலம்

கேள்வி: மன்னார்குடி அருகே உரக்கடை வைத்திருக்கிறேன். வயது 39. மனைவி, 6 வயதில் ஒரு மகள். வியாழக்கிழமைதோறும் சரக்கு எடுக்கக் கும்பகோணம் போவேன். அங்கே ஒரு பெண்ணோடு இரண்டு வருடமாகப் பழக்கம். மனைவி மீதும் அன்பு குறையவில்லை. ஒருத்தியோடு மட்டும் வாழும் அமைப்பு சில எலிகளின் மூளையில்தான் இருக்கிறதாம். அப்படியென்றால் நான் செய்வது இயற்கைதானே? வெளிநாட்டில் பல துணைகளோடு வெளிப்படையாக வாழ்கிறார்களே? மனைவிக்கு எதுவும் தெரியாது. நண்பரோடு சாப்பிடுகிறேன் என்று சொன்னதால் தயிர்ச்சாதத்தை இரண்டு பொட்டலமாகக் கட்டித் தருகிறாள். நண்பருக்கு வயிற்றுப்புண் என்றதால் அதில் மோர்மிளகாய் வைப்பதில்லை.

பதில்: தம்பி, எலியை முதலில் முடித்துவிடுகிறேன். அது நம் வரப்பில் கிட்டி வைத்துப் பிடிக்கிற எலி இல்லை. வட அமெரிக்கப் புல்வெளியில் வாழும் வோல். ஆணும் பெண்ணும் ஒரே வளையில் தங்கிக் குட்டிகளை வளர்க்கும். மலையில் வாழும் அதன் பங்காளிக்கு அந்தப் பழக்கம் கிடையாது. வாசோபிரசின், ஆக்சிடோசின் ஹார்மோன்களை ஏற்கும் இடங்கள் இரண்டின் மூளையிலும் வேறுவேறாக இருப்பதே காரணம் என்றார்கள். 2023-இல் ஆக்சிடோசின் ஏற்பியையே நீக்கிப் பார்த்தார்கள். வோல் அப்போதும் ஜோடி சேர்ந்தது! பாலூட்டிகளில் ஜோடியாக வாழ்பவை ஏறக்குறைய 9 சதவீதம்தான், அதில் உங்களோடு சண்டை இல்லை. ஆனால் பிலிப்பைன்ஸின் செபுவில் 624 இளைஞர்களைத் தொடர்ந்து கவனித்து 2011-இல் வெளியிட்ட ஆய்வையும் படித்திருக்கலாம். தந்தையானவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் இறங்கியது. தினமும் 3 மணி நேரமோ அதற்கு மேலோ பிள்ளையைக் கவனித்தவர்களுக்கு இன்னும் குறைவாக இருந்தது. அலையவும் தெரிந்த உடம்பு, பிள்ளைக்காக அடங்கவும் தெரிந்த உடம்பு.

கும்பகோணத்தில் இன்னொரு வீடு வைத்திருந்த மிராசுதார்களின் கதையைக் கேட்டு வளர்ந்தவள் நான். அவர்கள் யாரும் எலியைச் சாட்சிக்கு அழைக்கவில்லை.

மோர்மிளகாய்க்கு வருகிறேன். அந்த வயிற்றுப்புண்ணை எதற்காகக் கண்டுபிடித்தீர்கள்? அந்தப் பெண்ணுக்குக் காரம் ஆகாது, அதுதானே? அதைக்கூட உங்கள் மனைவி கையாலேயே சரிசெய்துகொண்டீர்கள். முகம் தெரியாத ஒருவரின் வயிற்றை நினைவில் வைத்து, இலையை அனலில் வாட்டி, ஒன்றில் மிளகாய் வைத்து, ஒன்றில் வைக்காமல் மடிக்கிறார் அவர். எது யாருடையது என்று மாறிவிடாதிருக்க நூலிலே ஏதாவது அடையாளமும் வைத்திருப்பார். அங்கே பொட்டலத்தைப் பிரிக்கிறவர், யார் கைப்பக்குவம் என்று ஒரு நாளும் கேட்டதில்லையா? என்ன சொன்னீர்கள்? எதையெதையோ எழுதியவர் அதை எழுதவில்லை.

பல துணைகளோடு வாழ்வதை நான் ஏற்கிறவள் இல்லை. பிள்ளை பெற்ற வீட்டில் ஒருவனுக்கு ஒருத்தி என்பதே என் கட்சி; பழைய பஞ்சாங்கம் என்று சொல்லிக்கொள்ளுங்கள். ஆனாலும் அப்படி வாழ்கிறவர்களுக்கு முதல் விதி, சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும், எல்லோரும் சம்மதித்திருக்க வேண்டும் என்பது. அவர்களும் உங்களைத் திண்ணையில் உட்காரவிட மாட்டார்கள்.

வரும் வியாழக்கிழமை பஸ் ஏறாதீர்கள். மகள் பள்ளிக்குப் போன பிறகு அடுப்படியில் போய் உட்கார்ந்து, இரண்டாவது பொட்டலம் யாருக்குப் போகிறது என்று சொல்லுங்கள். ஹார்மோன் பெயர் ஒன்றும் வாயில் வரக்கூடாது. அந்த வீட்டில் உங்களுக்கு இனி இடம் உண்டா என்பதை அவர் சொல்லட்டும். எத்தனை நாள் கழித்துச் சொன்னாலும் காத்திருங்கள். கும்பகோணத்துக்குப் போன் செய்து, அந்தச் சோறு யார் வடித்தது என்பதையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.