கணினிக்குள் ஒத்துழைப்பைத் தேடும் மகள்: கொழிஞ்சாம்பாறைத் தந்தைக்கு ஒரு பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகள், நுழைவுத் தேர்வுக்குப் படிக்க வேண்டிய மாலை நேரங்களில், கணினியில் ‘ஏஜென்ட்’ எனப்படும் சிறு நிரல்களை ஒன்றோடொன்று பழகவிட்டு, அவை தம்மை அறியுமா, ஒத்துழைக்குமா என்று பார்த்துக்கொண்டிருப்பதாகவும், இது சோறு போடுமா என்று அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அச்சம் நியாயமானது, ஆனால் அவள் கேட்பது விளையாட்டுக் கேள்வி அன்று.

1980-இல் ராபர்ட் ஆக்செல்ராட் என்ற அரசியல் அறிஞர், ஏமாற்றுவதா ஒத்துழைப்பதா என்று ஒவ்வொரு சுற்றிலும் முடிவெடுக்கும் நிரல்களுக்குப் போட்டி நடத்தியபோது, வந்தவற்றிலேயே மிக எளியதான ‘பதிலுக்குப் பதில்’ வென்றது. முதலில் ஒத்துழைக்கும், பிறகு எதிராளி கடைசியாகச் செய்ததையே திருப்பிச் செய்யும். ஆனால் கைதவறி ஒரு பிழை நேர்ந்தால், இத்தகைய இரண்டு நிரல்கள் மாறி மாறிப் பழிதீர்ப்பதில் சிக்கிக்கொள்ளும். 1993-இல் நோவாக், சிக்மண்ட் என்ற ஆய்வாளர்கள் ஆராய்ந்த உத்தியோ தன் செயலையும் அதன் பலனையும் சேர்த்துப் பார்க்கிறது: பலன் நன்றாயிருந்தால் அதையே தொடரும், இல்லையேல் மாற்றிக்கொள்ளும். இந்த உத்தியுள்ள இரண்டு நிரல்கள் மோதினால், பிழை நேர்ந்த அடுத்த சுற்றில் இரண்டுமே ஏமாற்றி நட்டப்படும்; அதற்கடுத்த சுற்றில் இரண்டும் மாறி ஒத்துழைப்புக்குத் திரும்பிவிடும். தன்னைக் கணக்கில் எடுத்துக்கொள்வது உறவைச் சீராக்குகிறது என்பதே என்னை இத்துறையில் மிகவும் ஈர்க்கும் செய்தி. இதை மனிதரின் தன்னுணர்வோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதை மட்டும் மகளிடம் அழுத்திச் சொல்லுங்கள். அந்த நிரலுக்குள் இருப்பது தன் முந்தைய செயலைப் பற்றிய ஒரு பதிவுதான்.

படிப்பைப் பொறுத்தவரை, பெயரில் ‘செயற்கை நுண்ணறிவு’ இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு பட்டத்துக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். நிகழ்தகவு, புள்ளியியல், நிரலாக்கம் ஆகிய மூன்றும் ஆழமாகக் கற்பிக்கப்படும் இடமே இவளுக்கு ஏற்றது. 2015-இல் தொடங்கிய பாலக்காடு ஐஐடி உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. திருவனந்தபுரத்திலுள்ள ஐசர் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) நடத்தும் ஐந்தாண்டு பி.எஸ்.–எம்.எஸ். படிப்புக்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு. ஜேஇஇ இல்லாமலே சேரக்கூடிய சென்னை ஐஐடியின் இணையவழி பி.எஸ். பட்டமும் உண்டு. இவை கைகூடாமற்போனால் கோயம்புத்தூரில் நல்ல கல்லூரியொன்றில் பி.எஸ்சி. கணிதமோ புள்ளியியலோ படிப்பது தாழ்ந்த வழி என்று நான் கருதவில்லை. நோய்ப் பரவல், சாலைப் போக்குவரத்து, சந்தை போன்றவற்றைக் கணினியில் ஒத்திகை பார்க்கும் வேலைகளுக்கு அந்த அடிப்படையே தேவைப்படுகிறது.

தேர்வு முடியும்வரை வாரத்துக்கு ஒரு மாலையை மட்டும் இதற்கு ஒதுக்கச் சொல்லுங்கள். இத்தகைய ஏஜென்ட்களை இயக்கிப் பார்ப்பதற்கென்றே இலவசமாகக் கிடைக்கும் நெட்லோகோ மென்பொருளே போதும். என்ன நடக்கும் என்று முதலில் நோட்டில் எழுதிவிட்டு, அதன் பிறகே நிரலை ஓட்ட வேண்டும்.

ஒரு வேலை உங்களுக்கும் இருக்கிறது. தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் இடையே 1970-இல் கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆழியாறு நதிநீர் ஒப்பந்தப்படி மணக்கடவு வழியாகக் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் வர வேண்டும். வரும் தண்ணீரைத் தலைமடைக்காரரும் கடைமடைக்காரரும் எப்படி முறைவைத்துப் பாய்ச்சுகிறார்கள், முறை தவறியவரிடம் ஊர் எப்படி நடந்துகொள்கிறது என்பதைத் தென்னை விவசாயியான நீங்கள் நன்கு அறிவீர்கள். அந்த விதிகளை மகளிடம் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். அவள் அவற்றை நிரலாக எழுதட்டும்.