30 சிட்டிங் பேக்கேஜ்: பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

அறுவை சிகிச்சைக்கு மருத்துவமனை தேடும்போது நாலு பேரிடம் விசாரிக்கிறோம். அதற்குப் பின் மாதக்கணக்கில் தொடரும் பிசியோதெரபிக்கு மட்டும் வீட்டுக்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே போய்ப் பணம் கட்டிவிடுகிறோம். இந்த முறை அது தொடர்பான கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: அம்மாவுக்கு வயது 64. முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து 12 நாள் ஆகிறது. அருகில் உள்ள பிசியோதெரபி சென்டரில் ஒரு சிட்டிங் 500 ரூபாய். 30 சிட்டிங்குக்கு மொத்தமாகக் கட்டினால் 12,000 போதும் என்கிறார்கள். கட்டிவிடலாமா? (வாசகி, திருச்சி)

இப்போதே கட்டாதீர்கள். கணக்கைப் பாருங்கள். தினக் கட்டணத்தில் 12,000 ரூபாய்க்கு 24 சிட்டிங் வரும். 25ஆவது சிட்டிங் போனால்தான் உங்களுக்கு லாபம் தொடங்குகிறது. அம்மா 16 சிட்டிங்கிலேயே தேறிவிட்டால், அல்லது காய்ச்சல், விசேஷம், வெளியூர் என்று இடையில் நின்றுபோனால், தள்ளுபடி வாங்கியும் 4,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்ததாகிவிடும். அதைவிட முக்கியமான ஒன்று: ஒருவருக்கு எத்தனை சிட்டிங் தேவை என்பது அவர் கால் எப்படித் தேறுகிறது என்பதைப் பொறுத்தது. கால் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே முப்பது என்று ஒருவர் சொன்னால், அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

முதல் ஐந்தாறு முறை அன்றன்றைக்குப் பணம் கொடுத்துப் போய்வாருங்கள். அந்த நாட்களில் கவனிக்க வேண்டியது இதுதான். முதல் நாளே அம்மாவின் முட்டி எத்தனை டிகிரி மடங்குகிறது, முழுதாக நீள்கிறதா என்று கோனியோமீட்டர் (மூட்டு மடங்கும் கோணத்தை அளக்கும் கருவி) வைத்து அளந்து எழுதினார்களா? வீக்கம் எவ்வளவு, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுகிறாரா, எத்தனை படி ஏறுகிறார் என்பதையெல்லாம் குறித்தார்களா? ஒரு வாரம் கழித்து மறுபடி அளந்தார்களா? அளவு எழுதப்படாத இடத்தில் முன்னேற்றம் என்பது அவர்கள் வாய்ச்சொல்லாகத்தான் இருக்கும். அந்தக் காகிதத்தை ஒரு நகல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு வேறு சென்டருக்குப் போனாலும், சர்ஜனிடம் காட்டினாலும் உதவும். படி ஏறி இறங்கவும் நாற்காலியில் உட்கார்ந்து எழவும் சுமார் 90 முதல் 100 டிகிரி வரை முட்டி மடங்க வேண்டும். காலை முழுக்க நீட்ட முடிவதும் அதே அளவு முக்கியம். நீளாத காலோடு நடந்தால் நொண்டல் நிலைத்துவிடும்.

அடுத்து, முக்கால் மணி நேரத்தில் எவ்வளவு நேரம் அம்மா தானே காலை அசைக்கிறார், எவ்வளவு நேரம் மெஷின் பொருத்திப் படுத்திருக்கிறார் என்று பாருங்கள். கரண்ட் வைப்பதும் ஒத்தடமும் வலியைக் கொஞ்ச நேரம் தணிக்கலாம். ஆனால் தொடைத் தசை வலுப்பெறுவது உடற்பயிற்சியால்தான். முக்கால் மணியில் அரை மணி மெஷினிலேயே கழிந்தால், உங்கள் பணம் சேர வேண்டிய இடத்தில் சேரவில்லை.

வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளை எழுதிக் கொடுக்கிறார்களா என்பது எனக்கு எல்லாவற்றிலும் பெரிய அடையாளம். குதிகாலைப் படுக்கையில் தேய்த்தபடி முட்டியை மடக்குவது, சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வைத்து முட்டியைக் கீழ்நோக்கி அழுத்துவது, பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது போன்றவற்றைப் பிசியோதெரபிஸ்ட் சொல்லும் எண்ணிக்கையில் ஒரு நாளைக்குப் பலமுறை செய்ய வேண்டியிருக்கும். வாரம் மூன்று சிட்டிங் அதற்கு ஈடாகாது. வலி தெரியாமல் இருக்கட்டும் என்று பாசத்தோடு முட்டிக்கு அடியில் தலையணை வைப்பதை நிறுத்திவிடுங்கள். முட்டி மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். கெண்டைக்காலில் திடீர் வீக்கமும் வலியும், காய்ச்சல், தையல் போட்ட இடத்தில் நீர் கசிதல் இவற்றில் எது வந்தாலும் சென்டருக்குப் போகாமல் நேரே சர்ஜனிடம் போங்கள்.

இதெல்லாம் சரியாக இருக்கும் இடம் என்று தெரிந்த பிறகு, பத்து சிட்டிங்குக்குக் கட்டுவதில் தவறில்லை. நின்றுபோனால் மீதியைத் திருப்பித் தருவோம் என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொண்டு கட்டுங்கள்.

கேள்வி: தோள் இறுக்கத்துக்கு 20 சிட்டிங், 9,000 ரூபாய் முன்பணமாகக் கட்டினேன். முதலில் பார்த்த பிசியோதெரபிஸ்ட் வேலையை விட்டுப் போய்விட்டார். பிறகு தினம் ஒரு பயிற்சி மாணவர். ஏழு சிட்டிங்கோடு வலி கூடிவிட்டது. எலும்பு மருத்துவர் நிறுத்தச் சொன்னார். மீதிப் பணம் கேட்டால், ‘கட்டிய பணம் திருப்பித் தரப்படாது’ என்று ரசீதில் இருப்பதைக் காட்டுகிறார்கள். (வாசகர், ஈரோடு)

ரசீதில் அச்சடித்துவிட்டால் அதுவே முடிவு என்று ஆகிவிடாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, குறைபாடுள்ள சேவையை நிறுத்திப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. ரசீதில் காலக்கெடு எதுவும் சொல்லப்படாவிட்டால் 30 நாள் என்றும் சொல்கிறது. பணம் வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பதை உச்ச நீதிமன்றம் 1995லேயே தீர்த்துவைத்துவிட்டது.

ஒன்றை மட்டும் வெளிப்படையாகச் சொல்கிறேன். ‘வலி குறையவில்லை’ என்பதை மட்டும் வைத்து வழக்கு நிற்பது கடினம். எந்தச் சிகிச்சையிலும் பலனுக்கு உத்தரவாதம் இல்லை. அதிலும் தோள் இறுக்கம், குறிப்பாகச் சர்க்கரை உள்ளவர்களுக்கு வருவது, குணமாக ஒன்றிரண்டு வருடம்கூட எடுக்கும். உங்கள் பக்கம் வலுவாக இருப்பவை வேறு: வாக்களித்த தகுதியுள்ள ஆள் இல்லாமல் போனது, மருத்துவர் நிறுத்தச் சொன்னது, செய்யாத 13 சிட்டிங்குக்கான பணம் அவர்களிடம் இருப்பது. ஒரு சிட்டிங் 450 என்று வைத்தால் மீதி 5,850 ரூபாய். நடந்து முடிந்த ஏழையும் தள்ளுபடி இல்லாத கட்டணத்தில் கழிப்போம் என்று அவர்கள் சொல்லக்கூடும். கொஞ்சம் விட்டுக்கொடுத்துக் கையோடு முடிந்தால் முடித்துவிடுங்கள் என்பதே என் அபிப்பிராயம்.

மசியவில்லை என்றால், நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி, 15 நாள் அவகாசம் கொடுத்து ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். ரசீது, யுபிஐ பணம் போன விவரம், மருத்துவரின் குறிப்பு, வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். அடுத்தது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். அங்கிருந்து போகும் ஒரு புகாரிலேயே பல இடங்களில் பணம் திரும்பி வந்துவிடும். கடைசி வழி மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

கேள்வி: நாள்பட்ட இடுப்பு வலி. ஆன்லைனில் டென்ஸ் மெஷினும் (தோலில் ஒட்டி லேசான மின்சாரம் பாய்ச்சும் கருவி) இடுப்பு பெல்ட்டும் சேர்த்து 3,500 ரூபாய்க்கு வருகிறது. சென்டருக்கு அலைவதற்குப் பதில் இதை வாங்கிவிடலாமா? (வாசகர், மதுரை)

வாங்க வேண்டாம். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2016இல் வெளியிட்ட இடுப்பு வலி வழிகாட்டுதல், டென்ஸ், ஐ.எஃப்.டி (இதுவும் மின்சாரம் வைப்பதுதான்), அல்ட்ராசவுண்ட் (ஒலி அலைச் சிகிச்சை), பெல்ட், டிராக்ஷன் (முதுகை இழுத்துவைப்பது) எதையும் பரிந்துரைக்கக் கூடாது என்றது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கென்று வெளியிட்ட வழிகாட்டுதலும் டென்ஸ், அல்ட்ராசவுண்ட், டிராக்ஷன், பெல்ட் ஆகியவற்றை வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்கிறது. பரிந்துரைத்தவற்றில் முறையான உடற்பயிற்சி இருக்கிறது. அந்த 3,500 ரூபாயில் நல்ல பிசியோதெரபிஸ்ட் ஒருவரை நாலைந்து முறை பார்த்து, உங்கள் உடம்புக்கு ஏற்ற பயிற்சியைக் கற்றுக்கொள்ளுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் டென்ஸைத் தொடவே கூடாது. இதை விற்பவர்கள் பலர் சொல்வதில்லை. இடுப்பு வலியோடு கால் மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்பாடு இழப்பது இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: போர்டில் ‘பிசியோ’ என்று இருக்கிறது. உண்மையிலேயே படித்தவரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (வாசகி, நாகர்கோவில்)

நேரடியாகக் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. பி.பி.டி. (பிசியோதெரபி இளநிலைப் பட்டம்) என்பது இன்டர்ன்ஷிப்போடு சேர்த்து நாலரை வருடப் படிப்பாக இருந்துவந்தது. அதற்கு மேல் முதுநிலைப் பட்டமான எம்.பி.டி. தமிழ்நாட்டில் இந்தப் படிப்பை நடத்தும் கல்லூரிகள் பலவும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. ஆறு மாத சான்றிதழோ மசாஜ் பயிற்சியோ இதற்கு ஈடல்ல. பிசியோதெரபி, 2021இல் வந்த மத்திய அரசின் துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்துக்குள் இருக்கிறது. ரசீதில் பெயர், தகுதி, கையெழுத்து மூன்றும் இருக்க வேண்டும் என்று வற்புறுத்துங்கள். அது இல்லாத ரசீதை இன்சூரன்ஸ்காரர்கள் ஓரம் கட்டிவிடுவார்கள்.

கேள்வி: கணுக்கால் எலும்பு முறிவுக்கு பிளேட் வைத்தார்கள். ஆஸ்பத்திரிச் செலவை இன்சூரன்ஸ் கொடுத்தது. பிறகு செய்த பிசியோதெரபி பில்லை ‘வெளிநோயாளிச் செலவு’ என்று மறுத்துவிட்டது. (வாசகர், கோவை)

பாலிசியில் ‘போஸ்ட் ஹாஸ்பிடலைசேஷன்’ என்ற பகுதியைத் தேடுங்கள். டிஸ்சார்ஜ் ஆன பிறகு குறிப்பிட்ட நாட்களுக்கு, அதே பிரச்சினைக்கான செலவை அது ஏற்கும். 2020இல் வந்த ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியில் அது 60 நாள். சில பாலிசிகளில் இன்னும் அதிகம். அந்த நாட்களுக்குள் செய்ததா, மருத்துவர் பிசியோதெரபி வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாரா என்ற இரண்டுதான் கேள்வி. டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்த ஒரு வரி இல்லை என்றால் சர்ஜனிடம் கடிதமாக வாங்கி, இன்சூரன்ஸ் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு அனுப்புங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ, ஒரு வருடத்துக்குள் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேனிடம் (இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் அதிகாரி) செலவில்லாமல் முறையிடலாம். கெடு முடிந்த பிறகு செய்த சிட்டிங்குகளுக்கு, வெளிநோயாளிச் செலவையும் ஏற்கும் பாலிசியாக இல்லாவிட்டால், வாய்ப்பு குறைவு.

கேள்வி: கபடி ஆடுவேன். முட்டியில் ஏ.சி.எல். (முட்டிக்குள் இருக்கும் தசைநார்) ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம். வலி இல்லை, ஓடுகிறேன். களத்தில் இறங்கும் முன் 2,500 ரூபாய்க்கு ஒரு டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். பணம் பிடுங்குகிறார்களா? (வாசகர், திண்டுக்கல்)

இல்லை தம்பி. இந்தப் பக்கத்தில் நான் தயங்காமல் செலவழிக்கச் சொல்லும் பணம் இதுதான். ஒற்றைக் காலில் தாவும் தூரம், தொடைத் தசையின் வலு இவற்றை நல்ல காலோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஆபரேஷன் ஆன கால் குறைந்தது 90 சதவீதமாவது ஈடுகொடுக்க வேண்டும். ஆனால் டெஸ்ட்டை இப்போது எடுத்துப் பலனில்லை, ஒன்பது மாதம் ஆகட்டும். 2016இல் வெளியான நார்வே நாட்டு ஆய்வில், களத்துக்குத் திரும்புவதை ஒன்பதாவது மாதம் வரை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போட்டபோதும் மறு காயத்தின் வீதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. வலி இல்லை என்பதற்காகப் புதிதாக வைத்த தசைநார் முதிர்ந்துவிட்டது என்று ஆகாது. கபடியில் காலைப் பிடித்துத் திருப்புவார்கள், உங்களுக்கே தெரியும். இந்த சீசனை விட்டுவிடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. கிராமத்தில் இருக்கிறோம். வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட் ஒரு தடவைக்கு 800 கேட்கிறார். வாக்கர், ஊன்றுகோல் இரண்டும் வாங்க வேண்டுமா? (வாசகி, மன்னார்குடி அருகே)

முதலில் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து இலவசமாகப் பயிற்சி தருவதும் இருக்கிறது. அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டிப் பெயர் பதிந்து வையுங்கள். தினமும் வர மாட்டார்கள். அவர்கள் வராத நாட்களில் செய்ய வேண்டியதை நீங்களோ வீட்டில் வேறு ஒருவரோ கற்றுக்கொள்ள வேண்டும். 800 ரூபாய் கொடுத்து ஆள் வைத்தாலும் இதே நிலைதான். அதனால் தனியார் ஆளை வாரம் ஒருமுறை, பயிற்சியை மாற்றிக் கொடுப்பதற்கு மட்டும் வரச் சொல்லலாம்.

வாக்கர் சில வாரம், சில மாதம்தான் தேவைப்படும்; வாடகைக்குக் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஊன்றுகோல் நீண்ட நாள் வரும், அதை வாங்கலாம். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு ரேகை இருக்கும் உயரத்துக்குப் பிடி வர வேண்டும், ஆகவே உயரம் கூட்டிக் குறைக்கக்கூடியதாகப் பாருங்கள். அடியில் உள்ள ரப்பர் தேய்ந்ததும் உடனே மாற்றுங்கள். வழுவழுப்பான டைல்ஸ் தரையில் தேய்ந்த ரப்பர்தான் மறுபடி விழ வைக்கும். ஊன்றுகோலை வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முதலில். அந்தக் காலில் எவ்வளவு பாரம் ஊன்றலாம் என்பதைச் சர்ஜனிடம் எழுதி வாங்கி, வருகிற பிசியோதெரபிஸ்டிடம் முதல் நாளே கொடுத்துவிடுங்கள். கழிவறையில் கைப்பிடி ஒன்று அடித்து, படுக்கையிலிருந்து அங்கே போகும் வழியில் இரவு முழுக்க விளக்கு எரிய விடுங்கள்.