பேட்டி எடுக்க எந்தக் கேமரா?

கேள்வி: எங்கள் ஊர்ப் பெரியவர்களின் நினைவுகளைப் பேட்டியாகப் படம்பிடிக்க விரும்புகிறேன். கைப்பேசி மட்டுமே உள்ளது. குறைந்த செலவில் எந்தக் கேமராவை வாங்கலாம்? - வாசகர், தேனி.

பதில்: கேமராவை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். படம் சற்று மங்கினாலும் பொறுத்துக்கொள்ளும் பார்வையாளர், பேச்சு தெளிவாகக் கேட்காவிட்டால் உடனே விலகிவிடுவார் என்பதால், முதல் செலவு மைக்குக்கே ஆகட்டும். சட்டையில் செருகும் கம்பி மைக் மலிவானது. போயா பிஒய்-எம்1 போன்றவற்றில் கம்பி 6 மீட்டர் நீளம் இருப்பதால், கைப்பேசியைத் தள்ளி வைத்தும் எடுக்கலாம். கைப்பேசியில் 3.5 மி.மீ. துளை இல்லையென்றால் அதற்கான இணைப்பானும் தேவைப்படும். மைக்கை முகவாய்க்கு ஒரு சாண் கீழே, துண்டோ சங்கிலியோ உரசாத இடத்தில் செருகி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒரு நிமிடம் பதிவு செய்து, ஹெட்போனில் கேட்டுப் பார்த்த பிறகே பேட்டியைத் தொடங்குங்கள்.

அடுத்த தேவை, கைப்பேசியைப் பொருத்தி வைக்க ஆடாத முக்காலி (டிரைபாட்). ரிங் லைட் எனும் வளைய விளக்கு வேண்டாம். மூக்குக்கண்ணாடி அணிந்த பெரியவரின் இரு கண்களிலும் வெள்ளை வளையம்தான் தெரியும். பகலில் சன்னல் பக்கவாட்டில் இருக்கும்படி அமர வைத்தாலே போதும். இரவில் குழல்விளக்கின் கீழ் எடுப்பதானால், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், கேமரா செயலியில் ஷட்டர் வேகத்தை, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் ஒளியை உள்வாங்கும் நேரத்தை, 1/50 அல்லது 1/100 நொடி என்று வையுங்கள். இல்லையேல் படத்தில் பட்டைகள் ஓடக்கூடும்.

பதிவின்போது கைப்பேசி ஏரோபிளேன் மோடில் இருக்கட்டும். பெரியவர் கண்கலங்கும் நேரம் பார்த்துத்தான் கடன் வேண்டுமா என்று யாராவது அழைப்பார்கள்.