சாம்பல் இலை டெய்சி ஏன் பட்டுப்போனது?

கேள்வி: அக்கா, இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நர்சரியில் மஞ்சள் பூ டெய்சிப் புதர் வாங்கி வாசல் ஓரம் வைத்தேன். இலை சாம்பல் நிறம், சீப்புப் பல் மாதிரி கிழிந்திருக்கும். முதல் குளிர்காலம் முழுக்கப் பூத்தது. இந்த டிசம்பர் கோடை மழையில் நடுவில் மொட்டையாகிவிட்டது. ஒட்ட வெட்டினால் துளிர்க்கும் என்று ஜனவரியில் முழங்கால் உயரத்துக்கு வெட்டினேன். இரண்டு மாதமாகியும் ஒரு துளிர் இல்லை. பிழைக்குமா?
– ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: முதலில் அந்தக் கட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள், தங்கச்சி. பட்டைக்கு அடியில் பச்சை ஈரம் தெரிந்தால் இன்னும் ஒரு மாதம் விட்டுவையுங்கள். பழுப்பாக, காய்ந்து இருந்தால் பிடுங்கிவிடலாம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் பிடுங்க வேண்டியதாகத்தான் இருக்கும்.

இந்தச் செடிக்கு யூரியோப்ஸ் என்று பெயர். செம்பருத்தியைப் போல எங்கே வெட்டினாலும் துளிர்க்கும் என்று இதை நம்ப முடியாது. இலை உதிர்ந்து மரமாகிப்போன பழைய தண்டில் துளிர் வருவது அபூர்வம். பூ ஓய்ந்ததும், இலை இருக்கிற பகுதிக்குள்ளேயே மூன்றில் ஒரு பங்கு கவாத்து செய்ய வேண்டும். வருஷா வருஷம் செய்தால் நடுவில் மொட்டை விழாது.

ஆனால் வெட்டுவதற்கு முன்பே அது நொந்திருக்கிறது. காரணம் மழை. உங்களுடைய சாம்பல் இலை வகை கேப் டவுன் பக்கத்துச் செடி, கேப் தீபகற்பத்து மலைச்சரிவில் தானாக வளர்வது. அங்கே மழை குளிர்காலத்தில், கோடை வறண்டிருக்கும். இலை சாம்பலாகத் தெரிவதே அதன் மேலுள்ள மெல்லிய ரோமத்தால்தான். டர்பனில் எல்லாம் தலைகீழ். வெயில், புழுக்கம், மழை மூன்றும் டிசம்பரிலிருந்து சேர்ந்தே வரும். களிமண்ணில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். டோங்காட்டில் என் வீட்டுக் குழாயடியில் வைத்த செடி அப்படித்தான் போயிற்று. வாடுகிறதே என்று நான் மேலும் மேலும் தண்ணீர் ஊற்றினேன். தோண்டிப் பார்த்தபோது வேரின் தோல் விரலோடு வழுக்கிக்கொண்டு வந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் வருத்தம்தான்.

நமக்கு ஏற்றது அதன் தங்கை, பச்சை இலை யூரியோப்ஸ். ஈஸ்டர்ன் கேப்பிலிருந்து நம் நேட்டால் வரை காட்டோரத்திலும் கடற்கரைப் புதரிலும் தானே முளைப்பது. கோடை மழை அதற்குப் பழக்கம். ஆளுயரம் கூட வளரும். பூ இரண்டுக்கும் ஒரே மஞ்சள்தான். நர்சரியில் இரண்டையும் ஒரே பெயரில் விற்பதைப் பார்க்கிறேன், அதனால் பூவைப் பார்க்காமல் இலையைப் பார்த்து வாங்குங்கள்.

வாங்கத்தான் வேண்டும் என்றும் இல்லை. பக்கத்து வீட்டில் இருந்தால் இப்போதே, மார்ச்சிலேயே, மொட்டு இல்லாத நுனியாக ஒரு விரல் நீளம் கிள்ளிக்கொள்ளுங்கள். கீழ்ப்பாதி இலையை உருவிவிட்டு, ஆற்று மணலும் கம்போஸ்டும் சமமாகக் கலந்த தொட்டியில் நட்டு நிழலில் வையுங்கள். மெல்ல இழுத்துப் பாருங்கள், பிடி கொடுத்தால் வேர் விட்டாயிற்று. அப்புறம் நல்ல வெயில் படும் இடத்தில், மண்ணைக் கொஞ்சம் மேடாகக் குவித்து நடுங்கள். பழைய குழியிலேயே வேண்டாம்.

பூவைச் சாமிக்கு வைக்கலாமா என்று ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. துலுக்கச் சாமந்தியும் இதுவும் ஒரே குடும்பம்தான். மாலைக்குத்தான் சரிவராது, இதழ் ஒற்றை அடுக்கு, சீக்கிரம் துவண்டுவிடும். காம்பு நீளமாக இருப்பதால் செம்பில் தண்ணீர் விட்டு நிறுத்தலாம். ஆடியில் மாரியம்மனுக்குக் கஞ்சி வார்க்கும் போது இங்கே குளிர்காலம், செடி நிறையப் பூ இருக்கும். எங்கள் வீட்டில் கஞ்சிப் பானைக்குப் பக்கத்தில் அந்தச் செம்புதான்.